வண்டி ரிப்பேரா, தம்பி?

முப்பது வயதைத் தாண்டியவர். மாதச் சம்பளம் வாங்குகிறவர். சட்டையை இஸ்திரி போட்டு, பேன்ட்டுக்குள் செருகி, பாக்கெட்டில் ஒரு பேனாவும் வைத்திருப்பவர். இப்பேர்ப்பட்ட மனிதர் சைக்கிளில் ஆபீஸ் போகலாமா?

தாராளமாகப் போகலாம் என்கிறது சட்டம். லைசென்ஸ் வேண்டாம். ஆர்.சி. புக் வேண்டாம். இன்ஷூரன்ஸ் வேண்டாம். ஹெல்மெட்டுக்காக மூலையில் மறைந்து நிற்கிற போலீஸ்காரர்கூட நம்மைப் பார்த்ததும் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொள்வார். சைக்கிள்காரனை நிறுத்தி என்ன பிரயோஜனம்?

ஆனால், சட்டத்துக்கு மேலே ஒரு கோர்ட் இருக்கிறது. டீக்கடை பெஞ்சு! அங்கே தீர்ப்பு வேறு மாதிரி.

அடியேன் அருப்புக்கோட்டைக்காரன். பகலில் ஒரு ஆடிட்டர் ஆபீஸில் அடுத்தவர்களின் வரவு செலவை எழுதுகிறேன். ராத்திரியில் பத்திரிகைகளுக்கு இப்படி ஏதாவது எழுதுகிறேன். வீடு பாளையம்பட்டியில். ஆபீஸ் டவுனுக்குள். ஏறக்குறைய நாலு கிலோமீட்டர். ரெண்டு வருஷமாகச் சைக்கிளில்தான் போய் வருகிறேன். இந்த ரெண்டு வருஷத்தில் என்னைக் கேட்கப்பட்ட கேள்விகளைத் தரம் பிரித்து வைத்திருக்கிறேன். (பி.காம் படித்தவனுக்கு எதையும் தலைப்பு வாரியாகப் பிரிக்காவிட்டால் தூக்கம் வராது.)

முதல் வகை, அனுதாபம். "என்ன மாப்ள, வண்டி ரிப்பேரா?" இது தினமும் ரெண்டு பேர். "இல்லண்ணே, சும்மாதான்" என்றால் நம்ப மாட்டார்கள். "எந்தக் கடையில விட்டிருக்க?" என்பார்கள். இப்போதெல்லாம் "ஆமாண்ணே, நாளைக்குத் தந்துருவாங்க" என்று சொல்லிவிடுகிறேன். ரெண்டு வருஷமாக ரிப்பேரில் கிடக்கிற வண்டி அநேகமாகத் தமிழ்நாட்டிலேயே என்னுடையதாகத்தான் இருக்கும்.

ரெண்டாவது வகை, மருத்துவம். "சுகர் எவ்வளவு காட்டுது?" முப்பதைத் தாண்டியவன் பெடல் மிதித்தால் அது டாக்டர் எழுதிக் கொடுத்த மாத்திரை மாதிரி. காலையில், சாப்பாட்டுக்கு முன், நாலு கிலோமீட்டர்!

மூன்றாவது வகை, பொருளாதாரம். "பெட்ரோல் வெலையப் பாத்துப் பயந்துட்டியாக்கும்?" கேட்கிறவர் சொந்த வண்டியை ரிசர்வில் ஓட்டிக்கொண்டிருப்பார்.

நாலாவது வகைதான் ஆபத்து. அவர்கள் நம்மிடம் ஒன்றும் கேட்க மாட்டார்கள். நேரே வீட்டுக்குப் போய், "மதினி, அண்ணனுக்கு வேலையெல்லாம் இருக்குல்ல?" என்று விசாரிப்பார்கள். என் மனைவி அன்று ராத்திரி ரசத்தை ஊற்றுகிற தினுசிலேயே யாரோ வந்து போயிருக்கிறார்கள் என்று தெரிந்துவிடும்.

இத்தனை பேரில் ஒருத்தர்கூட, "சைக்கிள் எப்படிப்பா ஓடுது?" என்று கேட்டதில்லை.

விஜய் ஓட்டினால் செய்தி!

2021 ஏப்ரல் 6. சட்டசபைத் தேர்தல் நாள். சென்னை நீலாங்கரையில் நடிகர் விஜய் சைக்கிளில் போய் ஓட்டுப் போட்டார். நாடே அல்லோலகல்லோலப்பட்டது. பெட்ரோல் விலை உயர்வுக்கு எதிர்ப்பு என்றார்கள். சைக்கிளின் கலரில் அரசியல் குறியீடு இருக்கிறது என்றார்கள். கடைசியில் அவர் தரப்பில், வாக்குச்சாவடி வீட்டுக்குப் பக்கம், காரில் போனால் நிறுத்த இடமில்லை, அதனால் சைக்கிள் என்று விளக்கம் வந்தது. அடியேன் தினமும் சொல்கிற அதே காரணம்தான்!

அவரிடம் யாரும் வண்டி ரிப்பேரா என்று கேட்கவில்லை. ஏன் என்றால், அவரிடம் கார் இருப்பது எல்லோருக்கும் தெரியும். கார் வைத்திருப்பவன் சைக்கிள் மிதித்தால் அது எளிமை. வண்டி வாங்க முடியாதவன் என்று ஊர் நினைக்கிறவன் மிதித்தால் அது இல்லாமை. பெடல் ஒன்றுதான், செயின் ஒன்றுதான். பார்க்கிற கண்தான் வேறே.

நெதர்லாந்தில் மார்க் ருட்டே என்று ஒரு பிரதமர். 2010லிருந்து 2024 வரை பதவியில் இருந்தார். ஆப்பிள் பழத்தைக் கடித்துக்கொண்டே சைக்கிளில் ஆபீஸ் போவார் என்று படம் போடுவார்கள். நம்ம ஊரில் அப்படிப் போனால், பதவி போய்விட்டது என்று ஊரே முடிவு கட்டிவிடும்.

மாமனார் போட்ட சைக்கிள்

இந்தச் சைக்கிளுக்கு எப்போதும் இதே கதிதானா என்றால், இல்லை. ஒரு காலத்தில் இதுக்கு இருந்த மவுசைக் கேட்டால் புல்லட்காரர்கள் பொறாமைப்படுவார்கள்.

எங்கள் அப்பா ஸ்பின்னிங் மில் தொழிலாளி. 1985-ல் கல்யாணம். மாப்பிள்ளைக்கு மாமனார் வீட்டில் போட்டது ஒரு வாட்ச், ஒரு சைக்கிள். அந்தச் சைக்கிளைத் தொட்டுக் கும்பிடாத குறை. கைப்பிடியில் குஞ்சம். அச்சில் வர்ணப் பூ. சீட்டுக்கு உறை. மட்கார்டில் அப்பா பேர், அதுக்குக் கீழே சின்னதாக அம்மா பேர். ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்களுக்கு எண்ணெய் தேய்க்கிறதுக்கு முன்னாலேயே சைக்கிளுக்குத் தேய்த்துவிடுவார்.

மில் சங்கு ஊதினால் ரோடு முழுக்கச் சைக்கிள்தான். அந்த ஷிப்ட் விடுகிற நேரத்தில் பஸ்காரரே ஓரங்கட்டி நிறுத்திவிடுவார். தறிக்காரர்கள் நெய்த சேலையைத் துணியில் பொதிந்து கேரியரில் கட்டிக்கொண்டு போவார்கள். திருச்சுழிப் பக்கத்துச் சம்சாரி மல்லி மூட்டையைக் குறுக்கே போட்டுக்கொண்டு வருவார். (இந்த மல்லி, தலையில் வைக்கிற மல்லி இல்லை, ரசத்தில் போடுகிற மல்லி. கரிசலில் மழையை நம்பி விதைக்கிறது.) பூக்கூடைக்கும் சைக்கிள், பால் கேனுக்கும் சைக்கிள், பொண்ணு பார்க்கப் போகவும் சைக்கிள். 1977-ல் எம்.ஜி.ஆர். அருப்புக்கோட்டையில் நின்று ஜெயித்து முதலமைச்சர் ஆனாரே, அந்தத் தேர்தலில் அவரைப் பார்க்க எட்டு சைக்கிளில் பதினாறு பேர் போனதாக அப்பா இன்றைக்கும் சொல்வார். முன்னால் பாரில் உட்கார்ந்து போனவர்தான் இவர் என்பது உபரித் தகவல்.

பிறகு என்ன ஆச்சு? 1980-ல் ஓசூரிலிருந்து டி.வி.எஸ். 50 வந்தது. மிதித்தால் சைக்கிள், முறுக்கினால் வண்டி. பூக்கூடை, தறிக்கட்டு, பால் கேன் எல்லாம் ஒவ்வொன்றாக அதுக்கு மாறின. சினிமாவைப் பாருங்கள். 1992-ல் 'அண்ணாமலை'யில் ரஜினி பால்காரராகச் சைக்கிளில் வந்தார். தியேட்டரில் விசில் பறந்தது. 1996 தேர்தலில் மூப்பனாரின் த.மா.கா.வுக்குச் சின்னமே சைக்கிள். 2007-ல் 'பொல்லாதவன்' வந்தபோது ஹீரோவின் கௌரவமே ஒரு பல்ஸர் பைக்காக ஆகிவிட்டது. பதினைந்தே வருஷத்தில் ஹீரோ கீழே இறங்கி வேறு வண்டியில் ஏறிவிட்டார். ரசிகர்கள் நாம் சும்மா இருப்போமா?

நான் சைக்கிள் வாங்கிக்கொண்டு வந்த அன்றைக்கு அப்பா வாசலில் உட்கார்ந்திருந்தார். ஏற இறங்கப் பார்த்தார். "ஏன்டா, நீ மிதிக்கக் கூடாதுன்னுதான நான் முப்பது வருசம் மிதிச்சேன்?" என்றார். நாலு வகைக் கேள்விக்கும் என்னிடம் பதில் இருந்தது. இதுக்கு மட்டும் இல்லை. இன்றைக்கும் இல்லை. உள்ளே போய் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தவர், "சீட்டு எறக்கமா இருக்கு. முழங்கால் போயிரும். ஏத்தி வை" என்றார்.

புதுக்கோட்டைப் பெண்கள்

கிண்டல் என்றதும் சொல்ல வேண்டிய ஒரு கதை இருக்கிறது. இதுவும் நம்ம மாதிரி வறண்ட சீமைக் கதைதான். சிவகங்கையைத் தாண்டினால் வருகிற புதுக்கோட்டை.

1991-ல் அங்கே அறிவொளி இயக்கம் தொடங்கியது. கலெக்டராக இருந்தவர் ஷீலா ராணி சுங்கத். எழுத்துச் சொல்லிக் கொடுக்கப் போன இயக்கம், கூடவே பெண்களுக்குச் சைக்கிளும் சொல்லிக் கொடுத்தது. பாடம் சொல்லித் தருகிற பெண்ணே பஸ்ஸுக்குக் காத்துக் கிடந்தால் எப்படி நாலு ஊருக்குப் போவாள்? கல் குவாரித் தொழிலாளி, ஆயா, நர்ஸ், டீச்சர் என்று சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு ஆயிரக்கணக்கில் ஏறினார்கள். சைக்கிள் வாங்கக் கடன் கொடுத்தார்கள். லேடீஸ் சைக்கிள் தட்டுப்பாடு வந்தபோது, பரவாயில்லை என்று ஜென்ட்ஸ் சைக்கிளையே வாங்கினார்கள். அதில் ஒரு சௌகரியம்: முன்னால் பாரில் குழந்தையை உட்கார வைத்துக்கொள்ளலாம்!

ஆண்கள் சும்மா இருந்தார்களா? கேலி, ஜாடைப் பேச்சு, விசில் எல்லாம் உண்டு. அந்தப் பெண்கள் மிதித்துக்கொண்டே இருந்தார்கள். 1992 மகளிர் தினத்தன்று ஆயிரத்து ஐந்நூறு பெண்களுக்கு மேல் கைப்பிடியில் கொடி கட்டி, மணியடித்துக்கொண்டு புதுக்கோட்டைக்குள் வந்தார்கள். பத்திரிகையாளர் பி.சாய்நாத் இதை எழுதினார். அது பிற்பாடு மத்திய அரசின் எட்டாம் வகுப்பு இந்திப் பாடப் புத்தகத்தில் பாடமாகவே இருந்தது.

அவர்களுக்குச் சைக்கிள் கொடுத்தது கௌரவத்தையா? இல்லை, நேரத்தை. பஸ் ஸ்டாப்பில் நிற்கிற நேரம், அண்ணனோ வீட்டுக்காரரோ வந்து கூட்டிப்போகட்டும் என்று காத்திருக்கிற நேரம். அந்த நேரம் கைக்கு வந்ததும் கௌரவம் தானாகப் பின்னால் கேரியரில் ஏறிக்கொண்டது.

2001-க்குப் பிறகு ஜெயலலிதா ஆட்சியில் பள்ளிப் பிள்ளைகளுக்கு இலவச சைக்கிள் திட்டம் வந்தது. முதலில் தாழ்த்தப்பட்ட, பழங்குடி மாணவிகளுக்கு, பிறகு மற்றவர்களுக்கும். ஆட்சிகள் மாறியும் தொடர்ந்தது. திருச்சுழி ரோட்டில் சாயந்தரம் நாலரை மணிக்கு நின்று பாருங்கள். ரெட்டைச் சடையும் முதுகில் பையுமாக வரிசையாக வருவார்கள். பாதியில் நின்றிருக்க வேண்டிய எத்தனையோ படிப்பை பிளஸ் டூ வரை இழுத்துக்கொண்டு போனது அந்த ரெண்டு சக்கரம்.

இப்போது பேரேட்டைப் புரட்டுவோம்

சைக்கிளில் போனால் பெட்ரோல் மிச்சம் என்று நிறையப் பேர் எழுதுவார்கள். கணக்குப் படித்தவன் என்கிற முறையில் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அப்படி ஒன்றும் பிரமாத மிச்சம் இல்லை!

எனக்கு ஒரு நாளைக்குப் போக வர எட்டு கிலோமீட்டர். மாசம் இருபத்தைந்து நாள். ஆக 200 கிலோமீட்டர். லிட்டருக்கு 50 கொடுக்கிற வண்டி என்றால் நாலு லிட்டர். லிட்டர் நூறு ரூபாய் என்றே வைத்தாலும் மாசம் 400 ரூபாய். ரெண்டு பேர் ஹோட்டலில் பரோட்டா சாப்பிட்டால் தீர்ந்தது. இதுக்குப் போய்ப் புரட்சி என்று பேர் வைக்க முடியாது.

விஷயம் பெட்ரோலில் இல்லை. தவணையில் இருக்கிறது. ஒரு லட்ச ரூபாய் வண்டி. இருபதாயிரம் முன்பணம். மீதி எண்பதாயிரத்துக்கு வருஷம் 12 சதவீத வட்டி, குறையும் பாக்கிக் கணக்கில், மூணு வருஷத் தவணை. மாசம் சுமார் 2,660 ரூபாய் கட்ட வேண்டும். மூணு வருஷத்தில் வட்டி மட்டும் பதினைந்தாயிரத்துக்கு மேலே. இன்ஷூரன்ஸ், சர்வீஸ், ஆயில், டயர் எல்லாம் தனி. சம்பளம் இருபதாயிரம் வாங்குகிற பையனுக்கு எட்டில் ஒரு பங்குக்கு மேல் உட்காருகிற இடத்துக்கே போய்விடுகிறது! வருமான வரிக் கணக்கில் வண்டிக்கு வருஷம் 15 சதவீதம் தேய்மானம் எழுதுவோம். தவணை கட்டுகிறவன் தேய்வதை எந்தப் பத்தியில் எழுதுவது என்று எங்கள் ஆடிட்டருக்கும் தெரியவில்லை.

என் சைக்கிள் விலை 7,200 ரூபாய். ரொக்கம். 2025 செப்டம்பர் 22 முதல் சைக்கிளுக்கு ஜி.எஸ்.டி. 12 சதவீதத்திலிருந்து 5 ஆகக் குறைந்துவிட்டது. இனி வாங்குகிறவர்களுக்கு அதுவும் லாபம். (350 சி.சி. வரை மோட்டார் சைக்கிளுக்கும் 28-லிருந்து 18 ஆகக் குறைத்திருக்கிறார்கள். சண்டை வேண்டாம்.)

நேரம்? நானும் பந்தயம் கட்டிப் பார்த்தேன். ஆபீஸ் சகா பைக்கில் பதினோரு நிமிஷம். நான் இருபது நிமிஷம். ஒன்பது நிமிஷம் முன்னால் போய் அவர் என்ன செய்தார்? டீக்கடையில் நின்று எனக்காகக் காத்திருந்தார்.

ஒரு விஷயத்தைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். வண்டியே கூடாது என்று நான் சொல்ல வரவில்லை. எங்கள் வீட்டிலும் ஒரு எக்ஸெல் மொபெட் நிற்கிறது. அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போக, அரிசி மூட்டை எடுத்துவர, ராத்திரி அவசரத்துக்கு அது இல்லாமல் ஆகாது. இருபது கிலோமீட்டர் தள்ளி விருதுநகருக்கு வேலைக்குப் போகிறவரிடம் சைக்கிள் வாங்கச் சொன்னால் அவர் என்னை அடிக்க வருவார், வரட்டும், நியாயம்தான். ஆனால் நாலு கிலோமீட்டருக்கும் வண்டி, தெருமுனைக் கடையில் சேமியா வாங்கவும் வண்டி, அந்த வண்டிக்குத் தவணை, தவணை கட்ட ஓவர்டைம், ஓவர்டைமால் வந்த தொப்பைக்கு ஜிம்... அந்த ஜிம்மில் போய் மிதிப்பது எதை? ஓடாத சைக்கிளை!

மேகாத்தும் வேலிமுள்ளும்

சைக்கிள் சொர்க்கம் என்று யாராவது எழுதினால் அவர்களை ஆடி மாசம் எங்கள் ஊருக்கு அனுப்பி வையுங்கள்.

கரிசல் காடு. மறிக்க மலை கிடையாது. மேற்கேயிருந்து மேகாத்து புழுதியை அள்ளிக்கொண்டு வரும். நான் காலையில் தெற்கே போகிறேன். காத்து வலது பக்கமிருந்து அடித்து என்னை இடது பக்க முள்ளுக்குள் தள்ளும். சாயந்தரம் வடக்கே திரும்புகிறேன். அதே காத்து இடது பக்கமிருந்து அடித்து நடு ரோட்டு லாரிப் பக்கம் தள்ளும். காலையில் டயருக்குக் கண்டம், மாலையில் ஆளுக்குக் கண்டம்!

அந்த முள் இருக்கிறதே, சீமைக்கருவேலம், அது எங்கள் சீமையின் தேசிய மரம். விறகுக்கும் கரிமூட்டத்துக்கும் அதுதான் சோறு போடுகிறது. சைக்கிள்காரனுக்கு மட்டும் பஞ்சர் போடுகிறது. சித்திரை வெயிலில் சட்டை முதுகோடு ஒட்டிக்கொள்ளும். அதனால் நான் எட்டு மணிக்கே கிளம்பிவிடுவேன். ஆபீஸில் ஒரு துண்டும் மாற்றுச் சட்டையும் வைத்திருக்கிறேன். பேன்ட் காலில் ரப்பர் பேண்டு. இவ்வளவுதான் உபகரணம்.

பஞ்சர் ஒட்டப் போகிற இடத்தில்தான் எனக்கு ஞானம் கிடைத்தது. கடைக்காரருக்கு அறுபதுக்கு மேல் வயசு. வாளித் தண்ணியில் ட்யூபை முக்கிக் கொப்புளம் தேடிக்கொண்டே பேசுவார். முன்பு இவரிடம் இருபது வாடகை சைக்கிள் இருந்தது. மணிக்கு ஒரு ரூபாய். நான் குரங்குப் பெடல் போட்டுப் பழகியது அதில் ஒன்றில்தான். (2024-ல் 'குரங்கு பெடல்' என்று ஒரு சினிமாவே வந்தது. பார்த்துவிட்டு எங்கள் செட்டில் பாதிப் பேர் முழங்காலைத் தடவிப் பார்த்துக்கொண்டார்கள்.)

"அண்ணாச்சி, இப்ப யாரு வர்றாங்க?" என்று கேட்டேன்.

"பள்ளிக்கூடத்துப் பிள்ளைக வரும். அப்புறம் கிழடு கட்டைக வரும். நடுவுல ஒரே ஆளு நீதான்ப்பா" என்றார்.

எனக்குச் சட்டென்று உறைத்தது. பதினேழு வயசு வரைக்கும் சைக்கிள். லைசென்ஸ் கைக்கு வந்ததும் அது மச்சுக்குப் போய்விடுகிறது. அறுபதுக்கு மேல் மறுபடி சைக்கிள், அதுவும் வேறு வழி இல்லாதவருக்கு. நடுவில் நாற்பது வருஷம் காலி. கம்பெனிகளும் அதே கதைதான். 1951-ல் சோனிபட்டில் ஆரம்பித்த அட்லஸ் கம்பெனி, தன் கடைசித் தொழிற்சாலையை மூடியது 2020 ஜூன் 3-ந்தேதி. அன்றைக்கு என்ன விசேஷம் தெரியுமா? ஐ.நா. சபை அறிவித்த உலக சைக்கிள் தினம்!

அதுக்காக சைக்கிளே ஒழிந்துவிட்டது என்று நினைக்காதீர்கள். 2019-21 தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பில், நாட்டில் பாதி வீடுகளில் சைக்கிள் இருந்தது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, விவசாயம், வீட்டுத் தொழில் தவிர்த்த மற்ற வேலைகளுக்குப் போகிறவர்களில் ஏறக்குறைய 13 சதவீதம் பேர் சைக்கிளில் போனார்கள். அந்த வருஷத்தில் மொபெட், ஸ்கூட்டர், மோட்டார் சைக்கிள் எல்லாம் சேர்த்தே இதைவிட ஒரு மயிரிழை குறைவுதான். ஆக, சைக்கிள்காரர்கள் இருக்கிறார்கள். நம் கண்ணில்தான் படுவதில்லை.

"தெரியலை சார்"

கண்ணில் படவில்லை என்று நான் சொல்வது அலங்காரத்துக்கு இல்லை.

எங்கள் தெருவில் ஒரு பெரியவர். ராத்திரி வாட்ச்மேன் வேலை. ஆறு கிலோமீட்டர் மிதித்துப் போய், விடியக்காலம் திரும்பி வருவார். பழைய சைக்கிள். டைனமோ எப்போதோ செத்துவிட்டது. பின் மட்கார்டில் இருந்த சிவப்புக் கண்ணாடி உடைந்து வருஷக் கணக்கு. போன வருஷம் மார்கழிப் பனியில், இருட்டோடு வந்துகொண்டிருந்தவரைப் பின்னாலிருந்து ஒரு வேன் தட்டிவிட்டது. உயிர் தப்பியது. இடது கால் தொடை எலும்பு போய்விட்டது. வேலையும் போய்விட்டது.

வேன் டிரைவர் கெட்டவர் இல்லை. அவரே தூக்கிப் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினார். திரும்பத் திரும்ப ஒன்றைத்தான் சொன்னார்: "சைக்கிள் வந்ததே தெரியலை சார்... சத்தியமா தெரியலை."

அன்று முதல் எனக்கு அந்த ரெண்டு "தெரியலை"யும் ஒன்றாகவே படுகிறது. பகலில் சைக்கிள்காரனை மதிக்கத் தெரியாத ஊருக்கு, ராத்திரியில் அவன் கண்ணுக்கே தெரிவதில்லை. ரோடு போடுகிறவர் நாலு வழி போடுகிறார். சைக்கிளுக்கு எது வழி என்று யோசிக்கவில்லை. ஆபீஸ் கட்டுகிறவர் கார் நிறுத்தக் கூரை போடுகிறார். சைக்கிள் வெயிலில் கிடக்கிறது. தெரிந்து செய்த பாவம் இல்லை. சைக்கிளில் யாரும் வருவார்கள் என்று தோன்றவே இல்லை.

தோன்ற வைக்க முடியும். நெதர்லாந்து பிறக்கும்போதே சைக்கிள் சொர்க்கமாகப் பிறக்கவில்லை. 1971-ல் அந்தச் சின்ன நாட்டில் சாலை விபத்தில் சுமார் 3,300 பேர் செத்தார்கள். நானூறுக்கு மேல் குழந்தைகள். பெற்றவர்கள் ரோட்டில் இறங்கினார்கள். 'குழந்தைகளைக் கொல்வதை நிறுத்து' என்பதே இயக்கத்தின் பெயர். 1973-ல் எண்ணெய்த் தட்டுப்பாடு வந்து, ஞாயிற்றுக்கிழமைகளில் கார் ஓடக்கூடாது என்று அரசாங்கம் சொன்னபோது, காலி ரோட்டில் ஜனங்கள் சைக்கிளை எடுத்துக்கொண்டு வந்தார்கள். அதற்கப்புறம்தான் கொஞ்சம் கொஞ்சமாகத் தனிப் பாதை, தனி சிக்னல் எல்லாம். பிரதமர் சைக்கிளில் போனது கடைசியில் நடந்தது. ஜனங்கள் கேட்டது முதலில் நடந்தது.

நம்மால் அவ்வளவு முடியாது போகட்டும். பத்து ரூபாய் காரியம் ஒன்று முடியும். ஒளியைத் திருப்பி அடிக்கிற சிவப்பு ஸ்டிக்கர் கடையில் கிடைக்கிறது. புதுச் சைக்கிளில் பொருத்துகிற அந்த வில்லைகளுக்குத் தரக்கட்டுப்பாடு வேண்டும் என்று 2020-ல் மத்திய அரசே உத்தரவு போட்டிருக்கிறது. ஆனால் வாட்ச்மேன் ஓட்டுவது புதுச் சைக்கிள் இல்லையே? உங்கள் தெருவில், உங்கள் ஆபீஸ் வாசலில், உங்கள் மில் கேட்டில் நிற்கிற பழைய சைக்கிளில் ஒன்றைப் பின் மட்கார்டில் ஒட்டிவிடுங்கள். கேட்டு ஒட்டுங்கள், கேட்காமல் ஒட்டினால் கட்சி ஸ்டிக்கர் என்று கிழித்துவிடுவார்கள்! எங்கள் பஞ்சர் கடை அண்ணாச்சி இப்போது காத்தடிக்க வருகிற எல்லாச் சைக்கிளுக்கும் ஒட்டி அனுப்புகிறார். ஸ்டிக்கர் என் செலவு, ஒட்டுக்கூலி அவர் தள்ளுபடி. பெடல் மிதித்து மிச்சம் பிடித்த அந்த 400 ரூபாயில் ஒரு பங்கு இப்படிப் போகிறது. செலவுத் தலைப்பு என்ன போடுவது என்று யோசித்து, 'பராமரிப்பு' என்று எழுதியிருக்கிறேன்.

இன்னொரு விண்ணப்பமும் உண்டு. ரோட்டில் சைக்கிளில் வருகிற ஆளைப் பார்த்தால் பேசாமல் போகாதீர்கள். நின்று கேளுங்கள். ஆனால் வண்டி ரிப்பேரா, சுகரா, வேலை இருக்கா என்று கேட்காமல், "காத்து எப்படி இருக்கு?" என்று கேளுங்கள். டயரில் அடிக்கிற காத்தோ, மேற்கேயிருந்து அடிக்கிற காத்தோ, எதைக் கேட்டீர்கள் என்றாலும் எங்களிடம் அரை மணி நேரத்துக்குப் பதில் இருக்கிறது. டீக் காசு மட்டும் நீங்கள் கொடுத்துவிடுங்கள்!